பூட்டன் கல்லறையில் சிமெண்டை உரித்துச் சுண்ணாம்பு பூசியது

பழைய சுண்ணாம்புக் கட்டுமானத்தின் மேல் சிமெண்ட் பூசாதீர்கள். முழுக்கப் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் பாதி பிழைத்துவிடும்.

சாத்தான்குளத்துக்குக் கிழக்கே, தேரியை, அதாவது செம்மணல் மேட்டை, ஒட்டின எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் தாத்தா, அதாவது என் பூட்டன், அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கல்லறை. ஏழடி நீளம், மூன்றடி அகலம், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் உயரம். தலைமாட்டில் ஒரு கருங்கல் பலகை, அதற்கடியில் மெழுகுவத்தி வைக்க ஒரு சின்ன மாடம். தொண்ணூறுகளில் குடும்பத்தில் யாரோ நல்ல எண்ணத்தோடு அதன்மேல் சிமெண்டைப் பூசி வெள்ளைப் பெயிண்டும் அடித்துவிட்டார்கள். பத்து வருஷம் பளபளவென்று இருந்திருக்கும். அப்புறம் மேல்பூச்சு பாளம் பாளமாக விண்டு, உள்ளே செங்கல் மாவாக உதிர ஆரம்பித்துவிட்டது. கால்மாட்டு விரிசலில் ஒரு அரசங்கன்று வேறு.

காரணம் ரொம்ப எளிது. மண்ணிலிருந்து ஈரம் செங்கல்லுக்குள் ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதை நிறுத்த முடியாது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. எங்கள் பக்கம் மண்ணிலும் உப்பு, கடற்காற்றிலும் உப்பு. வெளியே போக வழியில்லாத ஈரம் சிமெண்டுக்குப் பின்னால் காயும்போது அந்த உப்பு அங்கேயே பூத்து, படிகமாக வளர்ந்து, செங்கல்லின் முகத்தை உள்ளேயிருந்து உடைத்துத் தள்ளுகிறது. மேலே இன்னொரு கோட் சிமெண்ட் போட்டால் இன்னும் சீக்கிரம் உடையும். பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் என்று சொல்லும் தேவாலயம் 1826-ல் கட்டியது, மெஞ்ஞானபுரத்தில் 192 அடிக் கோபுரத்தோடு நிற்கும் கோயில் அதற்குப் பிந்தி வந்தது; ரெண்டும் எந்த மூட்டைச் சிமெண்டும் இந்தப் பக்கம் வருவதற்கு முந்தின வேலை.

வேலையில் இறங்குவதற்கு முன்னால் ஐயரை (எங்கள் பக்கம் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) பார்த்து, சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இதை யாரும் செய்வதில்லை. நம் தாத்தா படுத்திருக்கிறார் என்பதற்காக இடம் நம்முடையது ஆகிவிடாது, கல்லறைத் தோட்டம் சபையுடையது. கமிட்டியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: இருக்கிற அளவைவிட உயரமோ அகலமோ கூடக் கூடாது. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது, ஏனென்றால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்போது வேறு ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வேலை கல்லைப் படிப்பது. பெயிண்ட் வழிந்து எழுத்தெல்லாம் அடைபட்டுக் கிடந்தது. ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்ல நாலு பேர் வந்தார்கள். கருங்கல் ஒருவேளை தாங்கும், சுற்றியிருக்கிற சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துபோகும், ஆகவே வேண்டாம். கம்பி பிரஷும் வேண்டாம். தண்ணீரை ஊற்றி ஊற வைத்து, பனந்தும்பு பிரஷால் தேய்த்து, எழுத்துப் பள்ளத்தில் இருந்த பெயிண்டை மூங்கில் குச்சியைச் சீவி அதன் முனையால் நோண்டி எடுத்தேன். பொழுது சாய்ந்த பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் பகலில் தெரியாத கோடெல்லாம் நிழல் விழுந்து தெரியும். அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால், மெல்லிய தாளைக் கல்மேல் ஒட்டினாற்போல் வைத்து மெழுகுக் கலர்க்கட்டியைப் படுக்கப் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். எனக்கு வருஷம்தான் குழப்பம், 1931-ஆ 1937-ஆ என்று. கடைசி எண்ணின் தலை உடைந்திருந்தது.

அதற்காகத்தான் சேகர அலுவலகத்தில் அடக்கப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். 1931 சரி. தொழில் என்ற கட்டத்தில் ‘பனையேற்றம்’ என்று எழுதியிருந்தார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பின்னால் போய்த் தேடினால் 1878-ல், பத்து வயசுப் பையனாக, தகப்பன் தாயோடு சேர்த்து மூன்று பேரும் ஒரே நாளில். அந்த வருஷத்துப் பக்கங்களே தடிமனாக இருக்கின்றன. 1876 முதல் 78 வரை தாதுவருஷப் பஞ்சம், கூடவே காலரா. அந்தச் சமயத்தில்தான் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கில் சபையில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். பசியில் இருந்தவனுக்குக் கஞ்சி கொடுத்த இடத்தில் அவன் தங்கிவிட்டான் என்றால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பஞ்சம் போன பிறகும் 53 வருஷம் அதே கோயிலில் உட்கார்ந்திருக்கிறாரே, அதற்கு யாரும் கஞ்சி ஊற்றவில்லை.

பதிவேட்டில் இன்னொன்றும் கிடைத்தது. 1944-ல் பூட்டியின் அடக்கம். ‘கணவர் கல்லறைக்கு வடபுறம்’ என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. வடபுறம் போய்ப் பார்த்தால் மண்ணோடு மண்ணாக ஒரு மேடு, கல் இல்லை, சிலுவைகூட இல்லை. சின்ன வயசில் நாங்கள் அதன்மேல்தான் செருப்பைக் கழற்றிப் போடுவோம். பெரியப்பா போட்டுவைத்த வம்ச வரலாற்றுச் சார்ட் ஒன்று எங்கள் வீட்டில் சட்டம் போட்டுத் தொங்குகிறது, ஆறு தலைமுறை, எல்லாம் ஆண்கள். அதிலும் பூட்டி இல்லை.

எண்பதைத் தாண்டின அத்தையிடம் கேட்டேன். அத்தை சொன்னது: பூட்டி இடையன்குடியில், கால்டுவெல் ஐயருடைய மனைவி எலைசா கால்டுவெல் நடத்தின பெண்பிள்ளைகள் பள்ளியில் கொஞ்ச நாள் இருந்து லேஸும் வாசிப்பும் கற்றுக்கொண்டவள்; பூட்டனுக்கு எழுத்துத் தெரியாது. “பனையிலேருந்து எறங்கி வந்து காலை நீட்டி உக்காருவாராம், இவ வேதத்தை எடுத்து வாசிப்பாளாம். அவருக்கு அம்புட்டும் மனப்பாடம், ஆனா ஒரு எழுத்து தெரியாதுலே.” எங்கள் குடும்பத்தில் வாத்தியார், நர்ஸ், தபால்காரர், இன்ஜினியர் என்று ஆன எல்லாருடைய படிப்பும் அந்தப் பாயில் ஆரம்பித்தது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவனுடைய விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்றுதான் பேர் சொல்லி எழுதுகிறார், தகப்பன் பேரைச் சொல்லவில்லை. நெல்லைத் திருச்சபைக் கணக்கே ஒரு பெண்ணிடம்தான் தொடங்குகிறது, 1778-ல் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா, 1785-ல் பாளையங்கோட்டையில் கட்டின கோயில். இத்தனையும் தெரிந்து வைத்துக்கொண்டு சார்ட்டில் மட்டும் பெண்களை விட்டுவிடுகிறோம். ஆக வேலை இரண்டாகிவிட்டது: பூட்டன் கல்லறையைப் பழுதுபார்ப்பது, பூட்டிக்கு ஒரு கல் வைப்பது.

இப்போது வாட்ஸ்அப் திட்டம். வெளியூரில் நன்றாக இருக்கும் சித்தப்பா ஒருவர், பழையதை இடித்துவிட்டு கறுப்பு கிரானைட்டில் மண்டபம் மாதிரி கட்டி, லேசரில் பூட்டன் படம் செதுக்கி, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் பெரிய எழுத்தில் போடலாம், செலவு முழுக்கத் தன்னுடையது என்றார். பூட்டனுக்குப் போட்டோ கிடையாது. ஆளை வைத்து வரையச் சொல்லலாமாம். 1931 கல்லில் அந்தப் பட்டம் இல்லை. இறந்து 90 வருஷம் கழித்து நாம் ஏன் அதை ஏற்ற வேண்டும்? இதற்கு நேர் எதிராக, தனிச் சபை நடத்தும் ஒன்றுவிட்ட தம்பி, மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும் என்ற வசனத்தைப் போட்டு, இதெல்லாம் சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கிற புத்தியின் மிச்சம் என்று எழுதினான்.

ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் எழுதின பதிலை இங்கே சுருக்கிச் சொல்கிறேன். நீதிமான்களின் சமாதிகளைச் சிங்காரிக்கிறவர்களைப் பார்த்து ஆண்டவர் ‘உங்களுக்கு ஐயோ’ என்றுதான் சொன்னார், அது சித்தப்பாவுக்கு. யோர்தானிலிருந்து 12 கல்லை எடுத்துவந்து நாட்டச் சொன்னதும் தேவன்தான், பிள்ளைகள் இது என்ன கல் என்று கேட்கும்போது சொல்வதற்காக, அது தம்பிக்கு. பூட்டனிடம் நாம் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. பூட்டனுக்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம், அவ்வளவுதான். முன்னோர்களிடமிருந்து பாரம்பரியமாக வந்த வீணான நடத்தையிலிருந்து மீட்கப்பட்டீர்கள் என்று பேதுரு எழுதுகிறார். அப்படியானால் பாரம்பரியமாக வந்ததில் வீணானதும் உண்டு. எங்கள் கல்லறைத் தோட்டத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு காலத்தில் உடைமுள் வேலி இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அடக்கம் பண்ணப்பட்டவர்களும் அதே கோயிலில் அதே அப்பமும் ரசமும் எடுத்தவர்கள்தான். வேலி போட்டவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். பட்டத்தைக் கல்லில் ஏற்றினால் அந்த முள்ளையும் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கும். சித்தப்பா குழுவிலிருந்து வெளியேறி, மறுநாள் திரும்பி வந்தார்.

சரி, வேலைக்கு வருவோம்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு வயசான கொத்தனாரை உடன்குடிப் பக்கம் தேடிப் பிடித்தோம். இளம் கொத்தனார்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். அவர் பார்த்தவுடன், “அண்ணாச்சி, இது எத்தனை நாள் ஆகும்” என்ற கேள்விக்குப் பதிலே சொல்லாமல், “மொதல்ல சுண்ணாம்பை நீத்திப் போடு தம்பி, மத்ததைப் பொறவு பேசுவோம்” என்றார். தை மாசமே நீற்றிவைத்து, மாசியில் பூச்சு என்று முடிவானது. ஆனி ஆடியில் இந்த வேலையை எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தக் காற்றில் பூச்சு ஈரம் போய் வெடித்துவிடும், தேரி மண்ணும் பறந்துவந்து ஒட்டும். ஐப்பசி கார்த்திகை மழையும் ஆகாது.

தூத்துக்குடிப் பக்கத்துக் காளவாயிலிருந்து நீற்றாத சிப்பிச் சுண்ணாம்பு வாங்கினோம். பைக்கட்டில் விற்கும் பவுடர் சுண்ணாம்பு வெள்ளையடிக்கத்தான் லாயக்கு. இரும்பு டிரம்மை நெடுக்காக வெட்டி, பாதிக்குத் தண்ணீர் நிரப்பி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட வேண்டும். தலைகீழாக, சுண்ணாம்புமேல் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். கொதி வந்து புகையும், பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். கண்ணாடி, கையுறை இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள், கண்ணில் ஒரு சொட்டு பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். ஆறின பிறகு கொசுவலையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தோம். சில வாரத்தில் கெட்டித் தயிர் மாதிரி இறுகி நிற்கும். எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனைக்கு நல்லது.

சுண்ணாம்பு எங்கள் குடும்பத்துக்குப் புதிசு இல்லை. பூட்டன் தினம் பனையில் கட்டின கலயத்துக்குள் பூசினதும் இதே சிப்பிச் சுண்ணாம்புதான். அது இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கள். சபையில் இருக்கிற பனையேறி எதை இறக்குகிறான் என்பதை அந்தச் சுண்ணாம்பு வாசத்தை வைத்தே உபதேசியார் கண்டுபிடிப்பாராம். இது அத்தை சொன்னது, நான் பொறுப்பில்லை.

சிமெண்டை உரித்தது கை வேலை. சின்ன உளி, சின்னச் சுத்தியல், செங்கல்லோடு சேர்ந்து வரும் இடத்தில் நிறுத்திவிட்டு வேறு பக்கத்திலிருந்து வர வேண்டும். டிரில் மெஷினைக் கொண்டுவராதீர்கள், நூறு வருஷத்துச் செங்கல் அந்த அதிர்வைத் தாங்காது. அரசங்கன்றைப் பிடுங்கி இழுத்தால் பாதிச் சுவர் கூடவே வரும். மட்டமாக அறுத்துவிட்டு, கலவை உதிர்ந்த சந்து வழியாக வேரைத் துண்டு துண்டாக எடுத்தோம். உதிர்ந்துபோன செங்கல்லுக்குப் பதிலாக, ஊரில் இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய வீட்டின் செங்கல்லை வாங்கி வைத்தோம். புதுச் செங்கல் அளவும் சேராது, கெட்டித்தன்மையும் சேராது.

உரித்தபின் உப்பை எடுக்க வேண்டும், இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். பழைய நியூஸ்பேப்பரை உப்பில்லாத தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, சுவர்மேல் ஒரு விரல் கனத்துக்கு அப்பி, காயவிட்டு, உரித்து எறிய வேண்டும். காயும்போது செங்கல்லில் இருக்கிற உப்பு கூழுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. உரித்த கூழை நக்கிப் பார்த்துவிட்டு, கொத்தனார் கையாள் “கருவாடு போடலாம் அண்ணே” என்றான். கரிப்பு குறையும்வரை திரும்பத் திரும்பச் செய்தோம்.

கலவைக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். தேரி மண் சிவப்பாக அழகாக இருக்கிறதே என்று அள்ளிவிடாதீர்கள், அது ஒரே அளவு நுண்மணல், களியும் கலந்தது, பூச்சு வெடிக்கும். தாமிரபரணி மணலைக் கேட்பதே பாவம். எம்-சாண்டைச் சலித்துக் கழுவிப் போட்டோம். தரையோடு ஒட்டின ஓரடிக்கு மட்டும், மணலில் ஒரு பங்குக்குப் பதில் செங்கல் பொடி, அதாவது சுர்க்கி, ஈரத்திலும் இறுகுவதற்காக. கடுக்காயைத் தட்டி விதையை எடுத்துவிட்டு ஊறவைத்த தண்ணீர், கருப்பட்டியைக் கரைத்த தண்ணீர், இரண்டையும் சேர்த்துத்தான் கலவையைப் பிசைய வேண்டும். கருப்பட்டி கலவைக்கு இழுவை கொடுக்கும், ஆனால் கூடிவிட்டால் இறுக நாளாகும், எறும்பும் வரும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்து, பேர் பெரிசான பிறகு சீனி கலந்ததும் கூடிவிட்டது. கொத்தனார் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து ஒன்றைத் திருப்பியே அனுப்பிவிட்டார்.

செங்கல்லை நன்றாக நனைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் பூச்சு இறுகின பிறகு அடுத்தது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து கெட்டியாகிறது; சுண்ணாம்பு காற்றில் இருக்கிற கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாகிறது, அதனால் அவசரம் அதற்கு ஆகாது. நனைத்த கோணிச் சாக்கைப் போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது லெந்து காலம் முழுக்க, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள் முழுக்க, என் வேலையாக இருந்தது. கடைசியில் நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பில் கொஞ்சம் கஞ்சி, ஒரு துளி நீலம் சேர்த்து மெல்லிசாக மூன்று முறை வெள்ளையடிப்பு. பெயிண்ட் கிடையாது.

கல் எழுத்தில் கறுப்பு எனாமலை மெல்லிசாகத் தடவி, மேலே வழிந்ததை அட்டையால் வழித்தோம். ஊர்ப்பெயரில் இருக்கிற ‘விளை’ என்பதில் ளை பழைய தும்பிக்கை வடிவத்தில் இருக்கிறது, 1978-க்கு முந்தின எழுத்து. பெயிண்டர் தம்பி அதைத் தப்பு என்று நினைத்துத் திருத்தப் போனான், கையைப் பிடித்து நிறுத்தினேன்.

பூட்டிக்கு மயிலாடியில் ஒரு சின்னக் கருங்கல் பலகை கொத்தச் சொன்னோம். ஒன்றரை அடி, அவ்வளவுதான். பேர், 1944, அதன்கீழ் ‘இந்தக் குடும்பத்துக்கு வேதம் வாசித்துக் கொடுத்தவர்’. பட்டம் இல்லை, வசனம் இல்லை. மேட்டை மண்ணாகவே விட்டு, சுற்றி மிச்சச் செங்கல்லை ஒரு வரிசை பதித்தோம். அத்தை ஆட்டோவில் வந்து பார்த்துவிட்டு, எழுத்து சிறுசா இருக்கு, எனக்குத் தெரியல என்றாள். வாசித்துக் காட்டினேன்.

கால்டுவெல் 1891-ல் கொடைக்கானலில் இறந்தபோது உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டின கோயிலுக்குள்ளேயே அடக்கம் பண்ணினார்கள். வேன் பிடித்துப் போய்ப் பார்க்கிறோம், பார்க்க வேண்டியதுதான். அந்தக் கோயிலுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. உங்கள் ஊர்ப் பதிவேட்டில் ஒருவேளை இருக்கும். அந்தத் தாள்கள் பொடிந்துகொண்டிருக்கின்றன, ஐயரிடம் அனுமதி கேட்டு போனில் படம் எடுத்துவையுங்கள். கல்லறை வேலையைவிட இது அவசரம்.

பராமரிப்பு பெரிசாக ஒன்றும் இல்லை. வருஷம் ஒருமுறை, மழைக்கு முன்னால், புரட்டாசியில் ஒரு வெள்ளையடிப்பு. கல்லறைத் திருநாளான நவம்பர் 2-க்கு மெழுகுவத்தி ஏற்றுபவர்கள் மாடத்துக்குள் ஒரு ஓட்டுத் துண்டு வைத்து அதன்மேல் ஏற்றுங்கள், மெழுகு சுண்ணாம்பில் இறங்கினால் கறை போகாது. செடி முளைத்தால் இரண்டு இலையிலேயே எடுத்துவிட வேண்டும்.

நீற்றின சுண்ணாம்பு அரை டிரம் மிச்சம் இருக்கிறது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் எத்தனை வருஷமானாலும் கெடாது. தென்மேற்கு மூலையில் இருக்கிற கல்லறைகளுக்கு அதை எடுத்துக்கொள்ளச் சொல்லி அந்தக் குடும்பங்களிடம் பேசியிருக்கிறேன், மாசியில் கொத்தனாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கிரானைட்டுக்கு ஒதுக்கின பணத்தில் அவர் கூலியைக் கொடுக்க முடியுமா என்று சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறேன். குழுவில் இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.